உயிரைக் காத்தால் மட்டும் போதுமா?

போர் வந்தால் பிள்ளையையாவது தப்புவிக்க வேண்டும் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். 1940இல் பிரிட்டிஷ் அரசு தன் குழந்தைகளைக் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருந்த குடும்பங்களிடம் வளர அனுப்பியது. காசியின் பெயர் தாங்கிய ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை அந்த ஆண்டு செப்டம்பர் 17 இரவு ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில், அரசுத் திட்டத்தில் சென்ற 90 பிள்ளைகளில் 77 பேர் மாண்டனர். திட்டமும் அதோடு நின்றது. அதே போர்க்காலத்தில் பின்லாந்திலிருந்து சுமார் 70,000 குழந்தைகள் போனார்கள், பெரும்பாலும் சுவீடன் வீடுகளுக்கு. அங்கே குண்டு விழவில்லை, வயிறும் நிறைந்தது. ஆனால் சின்னஞ்சிறு வயதில் போன பலர் தாய்மொழியை மறந்து திரும்பினார்கள். பெற்ற தாயோடு பேச முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று லண்டனில் போர்க்காலக் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டு எழுதினார்.

பிள்ளைகளை அந்நிய வீடுகளுக்குப் பங்கிடாத வேறொரு வழியும் இருந்தது, அதுவும் நம் நாட்டிலேயே. சோவியத் தலைவர் ஸ்டாலின் ஆட்சியில் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தப்பட்ட போலந்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அனாதைகளானார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி 1942இல் குஜராத்தின் பாலாச்சடியில் இடம் கொடுத்தார். அவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பங்கிடவில்லை. போலந்து ஆசிரியர்கள், போலந்துப் பாதிரியார், போலிஷ் பாடம், சாரணர் படை என்று தங்கள் மனிதர்களோடே வளர்ந்தார்கள். கோலாப்பூர் அருகே வாலிவடேயில் சுமார் 5,000 போலந்துக்காரர்கள், தாய்மார்களும் பிள்ளைகளுமாக, ஒரு சிற்றூரையே அமைத்தார்கள். வார்சாவில் இன்றும் ‘நல்ல மகாராஜா’ பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. மன்னரின் தாராளம் பெரிதுதான். பிள்ளைகளைச் சிதறவிடாத ஏற்பாட்டுக்கும் அந்த நன்றியில் பங்குண்டு என்பேன்.

முகாம் எப்படி வீடாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்குப் போன சுமார் 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதர்கள், அந்நியர் வீடுகள் கதவைத் திறந்ததால்தான் பிழைத்தார்கள். பலருடைய பெற்றோர் கொல்லப்பட்டார்கள். அவர்களை அனுப்பாமல் இருந்திருந்தால் அதுவே மடமை. ஆகவே அனுப்பலாமா என்பதைவிட, எப்படி வைத்துக்கொள்வது என்பதே கேள்வி. வீடே கிடைத்தாலும் அண்ணனையும் தங்கையையும் ஒரே வீட்டில் வைக்கலாம், தாய்மொழி பேசும் ஒருவர் வந்துபோகலாம். இதற்குச் செலவும் அதிகமாகாது.

நம் தமிழகத்திலும் முகாம்கள் உண்டு. வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் முகாம்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்தை அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது அங்கேதான். 1983க்குப் பிறகு தமிழகம் வந்த இக்குடும்பங்களின் பிள்ளைகள் அம்மா அப்பாவோடும் தமிழோடும் வளர்ந்தார்கள், அரசுப் பள்ளிக்குப் போனார்கள். பின்லாந்துப் பிள்ளைகளுக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது. பாலாச்சடி முகாமோ நாலைந்து ஆண்டில் முடிந்து, அப்பிள்ளைகள் ஏதோ ஒரு நாட்டின் குடிமக்களானார்கள். ஆனால் தமிழக முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இந்தியக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இலங்கை இல்லை.