பிற கப்பல் போகாத வழி

திருக்கோவிலூரில் கடல் இல்லை. தென்பெண்ணை இருக்கிறது, ஆற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது, ஊருக்குள் உலகளந்த பெருமாள் ஓங்கி நிற்கிறார். பெண்ணையாறு கடலைக் காண வேண்டுமானால் இங்கிருந்து கடலூர்ப் பக்கம் வரை போயாக வேண்டும். ஆனாலும், போர்க் கப்பல்களைப் பற்றி எழுதுகிறவன் திருக்கோவிலூரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

"கடலே இல்லாத ஊரில் கப்பலுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் என் மனைவி. மாலை நேரத்தில், ஆற்றங்கரையில் நின்று குன்றைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

"கப்பலை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது ஒரு பெண்பிள்ளை" என்றேன். அதற்கப்புறம் அவள் குறுக்கே பேசவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மாறோக்கத்து நப்பசலையார். சங்ககாலப் புலவர். திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பாட வந்தார். ஆனால் அவருக்கு முன்பே கபிலர் வந்து பாடி விட்டார்! கபிலர் பாடிய பிறகு மற்றவர் என்னத்தைப் பாடுவது? இந்தச் சங்கடத்தைச் சொல்ல அந்த அம்மையார் ஓர் உவமை தேடினார். சேர மன்னன் மேற்குக் கடலில் பொன் கொண்டு வரும் தன் கப்பல்களைச் செலுத்தினால், அந்த வழியில் வேறு எவருடைய கப்பலும் போக முடியாது. கபிலருக்குப் பின் எங்கள் நிலைமையும் அதுதான் என்றார். புறநானூற்றில் 126-ஆம் பாட்டு இது.

புலமைக்குச் சொன்ன உவமைதான். ஆனால் கடல் ஆதிக்கம் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? கப்பல் கட்டத் தெரிந்தவனுக்குக் கடல் ராஜபாட்டை. தெரியாதவனுக்கு அது மூடிய கதவு. இந்தக் கதவு நம் தேசத்தில் எப்படி மூடியது, எப்படித் திறந்தது என்பதுதான் கதை.

வெள்ளி ஆணி

சேரன் கப்பல் விட்ட அதே மேற்குக் கரையில், மலபார்க் காடுகளில் தேக்கு வளர்ந்தது. நம் வீட்டு வாசற்கதவுக்குத் தேக்கு என்றால் நாம் பெருமைப்படுகிறோம். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையே அந்தத் தேக்குக்காகக் காத்துக் கிடந்தது.

காரணம் நெப்போலியன். அவனோடு நடந்த யுத்தம் வருஷக் கணக்கில் நீண்டது. கப்பல் மேல் கப்பலாகக் கட்டியதில் இங்கிலாந்தின் ஓக் மரங்களுக்குப் பஞ்சம் வந்து விட்டது. தேக்கிலோ ஓக்கில் இல்லாத குணங்கள் இருந்தன. ஓக் மரத்திலுள்ள புளிப்புச் சத்து, அதில் அடித்த இரும்பு ஆணியை அரித்து விடும். தேக்கில் உள்ள எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காப்பாற்றும். கரையானும் சுலபத்தில் அண்டாது.

மரம் கிடைத்தது; கை வேண்டுமே? அதுவும் இங்கேயே இருந்தது. லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்ஸித் தச்சர் 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து கப்பல் வேலையைத் தொடங்கியிருந்தார். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று அந்த வித்தை குடும்பச் சொத்தாக இறங்கியது. அந்த வம்சத்தில் வந்த ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, 74 பீரங்கிகள் தாங்கும் 'மிண்டன்' என்ற போர்க் கப்பலை 1810-ல் கட்டி முடித்தார். 1813-ல் 'கார்ன்வாலிஸ்' கடலில் இறங்கியது. ஹாங்காங்கைப் பிரிட்டிஷாருக்குக் கொடுக்கும் நான்கிங் உடன்படிக்கையில் 1842-ல் சீனா கையெழுத்திட்டதே இந்தக் கப்பலில்தான்.

அடுத்த கப்பலின் பெயரைக் கேட்டால் தமிழர்களுக்குக் காது குளிரும். 'திரிகோணமலை'! அதன் வரைபடத்தை இங்கிலாந்திலிருந்து 'ஜாவா' என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் அந்தக் கப்பலை அமெரிக்கர்கள் பிடித்து விட்டார்கள், வரைபடமும் போயிற்று. மறுபடியும் ஒரு பிரதி வர வேண்டியதாயிற்று. வேலை தொடங்கிய அன்று, பார்ஸிகளின் சம்பிரதாயப்படி, கப்பலின் அடிமரத்தில் ஜாம்ஷெட்ஜி ஒரு வெள்ளி ஆணியை அடித்தார். நாம் வாசற்கால் வைக்கும்போது பூஜை செய்வதில்லையா? அந்த மாதிரி.

1817 அக்டோபர் 12-ல் கப்பல் தண்ணீரைத் தொட்டது. அதற்குள் நெப்போலியனே தீவுச் சிறைக்குப் போய் இரண்டு வருஷமாகி விட்டது! அதனால் இங்கிலாந்து சேர்ந்ததும் அதைச் சும்மா நிறுத்தி வைத்தார்கள். அதுவே அதற்கு ஆயுள் பலமாயிற்று போலிருக்கிறது. இரு நூறு வருஷங்கள் கடந்த பின்னும் நம் நாட்டுத் தேக்கில் நம் நாட்டுத் தச்சர்கள் கட்டிய அந்தக் கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்து கொண்டிருக்கிறது. இன்னும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க் கப்பல்களில் அதுதான் மூத்தது.

ஜாம்ஷெட்ஜியைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். அவர் 1800-ல் கட்டிய ஒரு கப்பல் பல வருஷங்களுக்குப் பின் பழுது பார்க்கத் திரும்பி வந்ததாம். அப்போது அதன் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத ஓர் அடிக்கட்டையைச் சுட்டிக் காட்டினாராம். அதில், இந்தக் கப்பலைக் கட்டியவன் ஒரு கறுப்பன் என்று, வெள்ளையர் தம்மைத் திட்டும் வசைச் சொல்லையும் சேர்த்தே செதுக்கி வைத்திருந்தாராம். கைத்திறனை வாங்கிக் கொண்டவர்கள் மரியாதையை மட்டும் கொடுக்காமல் விட்டதற்கு, மௌனமாக ஒரு பதில்!

சிட்னியில் கட்டிய 'மெட்ராஸ்'

இத்தனை திறமை இருந்தும் கதவு எப்படி மூடிற்று? இந்தியாவில் கட்டிய கப்பல்கள் தேம்ஸ் நதிக்கு வந்தபோதே லண்டன் கப்பல் கட்டுவோர், தங்கள் பிழைப்புப் போய் விடுமென்று கூச்சல் போட்டார்கள். பிற்பாடு இரும்பும் நீராவியும் வந்தன. அந்தப் புது வித்தை நம் தச்சர்களிடம் பெரிய அளவில் வந்து சேரவே இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையும் கப்பலை வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது இதன் விலை தெரிந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சிறிய ரோந்துக் கப்பல்களைக் கட்டினார்கள். அதற்கு மேல் வசதியில்லை. இந்தியக் கடற்படைக்கு 'மெட்ராஸ்', 'பம்பாய்', 'பெங்கால்', 'பஞ்சாப்' என்று நான்கு கப்பல்கள் தேவைப்பட்டன. எங்கே கட்டினார்கள் தெரியுமா? ஆஸ்திரேலியாவில், சிட்னியில்! பெயர் நம்முடையது, பிள்ளை பிறந்தது அயலார் வீட்டில்.

அதே சமயம் அமெரிக்காவில் என்ன நடந்தது? ஹென்றி கெய்ஸர் என்ற முதலாளி, கப்பலைத் துண்டு துண்டாகத் தனித்தனி இடங்களில் தயாரித்துக் கொண்டு வந்து ஒட்டச் செய்தார். ஆணி அடிப்பதற்குப் பதில் பற்றவைப்பு. 'லிபர்ட்டி' என்ற ரகச் சரக்குக் கப்பல்களில் முதலாவதைக் கட்டி முடிக்க 244 நாள் பிடித்தது. 1942 நவம்பரில் ஒரு கப்பலை நாலு நாள் பதினைந்தரை மணியில் கடலில் இறக்கி விட்டார்கள்! யுத்தம் முடிவதற்குள் இந்த ரகத்தில் மட்டும் 2,710 கப்பல்கள். கெய்ஸரின் இன்னொரு தளம் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் 50 விமானந்தாங்கிக் கப்பல்களைக் கடற்படைக்குக் கொடுத்தது.

பற்றவைத்த கைகளில் பல, வளையல் அணியும் கைகள். ஆண்கள் போர்முனைக்குப் போய் விட்டதால், ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் முகமூடி மாட்டிக் கொண்டு நெருப்புப் பொறிக்கு நடுவே நின்றார்கள். குழந்தைகளை என்ன செய்வது? போர்ட்லண்ட் நகரில் கப்பல் தளத்தின் வாசலிலேயே 1943-ல் குழந்தைக் காப்பகங்களைத் திறந்தார் கெய்ஸர். இரவு ஷிப்டுக்கு வரும் தாய்க்கும் அது திறந்திருக்கும். வேலை முடிந்து போகும்போது, குழந்தையோடு சமைத்த சாப்பாட்டையும் பொட்டலமாக வாங்கிக் கொண்டு போகலாம்!

இதைச் சொன்னதும் என் மனைவி நின்று விட்டாள். "சமைத்த சாப்பாடுமா? அப்புறம்?"

"அப்புறம் என்ன? 1945-ல் யுத்தம் முடிந்தது. காப்பகங்களை மூடி விட்டார்கள். பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்."

"அதுதானே பார்த்தேன்" என்றாள்.

விசாகப்பட்டினத்தில் விழுந்த குண்டு

நம் நாட்டில் வால்சந்த் ஹிராசந்த் என்பவர் சும்மா இருக்கவில்லை. அவருடைய சிந்தியா கம்பெனி விசாகப்பட்டினத்தில் கப்பல் தளம் அமைக்க முனைந்தது. 1941 ஜூன் 21-ல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். பத்து மாதம் கூட ஆகவில்லை. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன, மறுநாளே விசாகப்பட்டினம், 9-ஆம் தேதி திரிகோணமலை. சென்னைப் பட்டினத்து ஜனங்கள் பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிய மாதம் அது. எங்கள் வீட்டுப் பாட்டிமார்கள் அந்தக் கதையைச் சொல்லி ஓய்ந்ததில்லை.

விசாகப்பட்டினத்தில் வேலை தடைப்பட்டது. யுத்தத்துக்காகவே அவசரமாகத் தேவைப்பட்ட தளம், யுத்தத்தாலேயே முடங்கியது. ஆனால் வால்சந்த் விடவில்லை. 1948 மார்ச் 14-ல் 'ஜல உஷா' என்ற 8,000 டன் கப்பலை ஜவஹர்லால் நேரு கடலில் இறக்கி வைத்தார். உஷா என்றால் விடியல். பொருத்தமான பெயர் அல்லவா?

அது சரக்குக் கப்பல். பெரிய போர்க் கப்பலுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாய் மஜகான் தளத்தில் கட்டிய 'நீலகிரி' 1972-ல் கடற்படையில் சேர்ந்தது. விமானந்தாங்கிக் கப்பலோ, பிரிட்டனிடமிருந்து வாங்கி 1961-ல் கடற்படையில் சேர்த்த 'விக்ராந்த்'தான். அதே பெயரில் புதிய கப்பலொன்றை நாமே கட்டி, 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்த்தோம். நீளம் 262 மீட்டர். உருக்குத் தகடும் உள்நாட்டில் செய்தது. பெண் அதிகாரிகள் தங்குவதற்கென்று அதில் தனி அறைகளும் அமைத்திருக்கிறார்கள்.

அதைக் கட்டிய இடம் எது? கொச்சி. சேர நாடு. மேற்குக் கடல்!

இருட்டி விட்டது. குன்று கறுப்பாக, நங்கூரம் போட்ட கப்பலைப் போல் ஆற்றில் நின்றது.

"அந்த அம்மாள், கபிலர் பாடிய பிறகு பாட முடியாது என்று சொன்னாளே, அப்புறம் பாடினாளா, இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பாடாமலா அந்தப் பாட்டு நம் கைக்கு வந்தது?" என்றேன்.