அழைப்பிதழ் யார் கையில்? – பில்டர்பெர்க் குழுவும் அதன் தலைவர்களும்

“வருடத்துக்கு ஒரு முறை நூற்றுச் சொச்சம் பேர் மூடிய அறையில் கூடுகிறார்கள், அடுத்த பிரதமர் யார், பெட்ரோல் என்ன விலை என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்!” இப்படி ஒரு செய்தி கைபேசிக்கு வராத தமிழ்க் குடும்பம் இன்று இருக்காது. வீட்டுப் பிள்ளைகள் “நிஜமாப்பா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? “எல்லாம் புளுகு” என்று தள்ளிவிடுவதும் சரியில்லை, அப்படியே நம்புவதும் சரியில்லை. அந்தக் குழுவின் பெயர் பில்டர்பெர்க். அதைப் புரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளே என்ன பேசினார்கள் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, அதை நடத்துகிறவர்கள் யார் என்று பார்ப்பதுதான் அது.

பிறந்த கதை

1954 மே 29 முதல் 31 வரை, நெதர்லாந்தின் ஊஸ்டர்பேக் என்ற சிற்றூரில் உள்ள பில்டர்பெர்க் ஓட்டலில் முதல் கூட்டம் நடந்தது. ஓட்டலின் பெயரே குழுவுக்கும் நிலைத்துவிட்டது. யோசனை சொன்னவர் போலந்துக்காரரான யூசெஃப் ரெட்டிங்கர். லேசுப்பட்ட ஆளில்லை இவர். 1944இல், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், ஜெர்மானியர் பிடியிலிருந்த போலந்தில் பாரசூட் கட்டிக்கொண்டு குதித்தவர்.

உலகப் போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நேரம் அது. சோவியத் அச்சம் ஒரு பக்கம். மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்கா மீது வளர்ந்துவந்த கசப்பு மறுபக்கம். இரு கரையிலும் உள்ள பெரிய மனிதர்கள் பத்திரிகைக்காரர்கள் இல்லாமல் மனம்விட்டுப் பேசினால் பிணக்கு தீரும் என்று ரெட்டிங்கர் நினைத்தார். அவர் போய்ப் பிடித்த ஆள் நெதர்லாந்து அரசியின் கணவர் இளவரசர் பெர்ன்ஹார்ட். தலைவர் நாற்காலியில் இளவரசர் அமர்ந்தார். பின்னணி வேலையை எல்லாம் 1960இல் இறக்கும்வரை ரெட்டிங்கர் செயலாளராக இருந்து பார்த்துக்கொண்டார்.

தலைவருக்கு என்ன அதிகாரம்?

இங்கே தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, கூட்டம் முடிந்து அறிக்கையும் கிடையாது. கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் யார் சொன்னார் என்று வெளியே சொல்லக்கூடாது. ஏறக்குறைய 130 பேர் வருவார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பியர், மீதி வட அமெரிக்கர். அரசியல்வாதிகள் சுமார் கால்பங்குதான். மற்றவர்கள் தொழிலதிபர், வங்கியாளர், பேராசிரியர், பத்திரிகையாளர். பெரும்பாலோர் ஓரிரு முறை வந்துபோகும் விருந்தாளிகளே.

அப்படியானால் நிரந்தரமாக இருப்பவர் யார்? வழிநடத்தும் குழு ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர் பதவிக்காலம் நான்கு ஆண்டு; மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். தலைவரும் அந்தக் குழுவும் சேர்ந்துதான் எதைப் பேசுவது, யாரை அழைப்பது என்ற இரண்டையும் முடிவு செய்கிறார்கள்.

சங்கம் நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். பொதுக்குழுவில் எத்தனை பேர் கைதூக்கினாலும், அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் நடக்கும். பில்டர்பெர்க்கில் கைதூக்கும் வேலையே இல்லை. ஆகவே அழைப்பிதழ்தான் அங்கே முழு அதிகாரமும்.

அந்த அழைப்பிதழ் யாருக்குப் போனது என்று பாருங்கள். மார்கரெட் தாட்சர் 1975இல் வந்தார். 1979இல் பிரதமர் ஆனார். ஆர்க்கன்சாஸ் ஆளுநராக இருந்த பில் கிளிண்டன் 1991இல் வந்தார். 1992இல் அதிபர் தேர்தலில் வென்றார். டோனி பிளேர் 1993இல் வந்தார், 1997இல் பிரதமர். “பார்த்தீர்களா, அங்கேதான் முடிசூட்டுகிறார்கள்!” என்பார்கள். அப்படியல்ல. அவர்களுக்கு ஓட்டுப் போட்டது அந்தந்த நாட்டு மக்கள்தான். வளரப்போகிறவரை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, பழக்கம் வைத்துக்கொள்வதுதான் இந்தத் தலைமையின் சாமர்த்தியம்.

தலைவர்கள் வரிசை

பெர்ன்ஹார்ட் 22 ஆண்டுகள் தலைவராக இருந்தார். அவரை வீழ்த்தியது லாக்ஹீட் விமான ஊழல். அந்த அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 11 லட்சம் டாலர் அவருக்குப் போனதாகக் குற்றச்சாட்டு. நெதர்லாந்து அரசு அமைத்த மூவர் குழுவின் அறிக்கை 1976 ஆகஸ்டில் வந்ததும் ராணுவப் பொறுப்பு உட்படப் பல பதவிகளை இழந்தார். பணம் வாங்கியது உண்மைதான் என்று அவரே கொடுத்த பேட்டி, 2004இல் அவர் காலமான பிறகுதான் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டுக் கூட்டமே நின்றுபோயிற்று.

அத்தோடு கடை மூடியிருக்க வேண்டும் அல்லவா? மூடவில்லை. 1977இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் அலெக் டக்ளஸ் ஹியூம் தலைமையில் டார்க்கியில் மறுபடியும் கூடினார்கள். அடுத்து மேற்கு ஜெர்மனியின் முன்னாள் ஜனாதிபதி வால்டர் ஷீல். பின்பு வங்கியாளர் எரிக் ரோல். 1990 முதல் நேட்டோவின் முன்னாள் பொதுச்செயலர் காரிங்டன் பிரபு. 1999 முதல் ஐரோப்பிய ஆணையத்தில் இருந்த பெல்ஜியத்தின் எட்டியன் டாவின்யோன். 2012 முதல் ஆக்ஸா காப்பீட்டு நிறுவனத்தை நடத்திய ஆன்றி த காஸ்த்ரி. 2019இல் டச்சுப் பொருளாதாரப் பேராசிரியர் விக்டர் ஹால்பர்ஸ்டாட்டும், கனடாவில் பிறந்த மாரி ஜோசே கிராவிஸும் இணைத் தலைவர்கள் ஆனார்கள். ஒரு பெண் அந்த இடத்துக்கு வர 65 ஆண்டுகள் ஆயின.

வரிசையில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அரசியல்வாதிகளாக இருந்த தலைவர்கள் எல்லோரும் பெரிய பதவியை விட்டு இறங்கிய பின் இங்கு வந்தவர்கள். பதவி இல்லாததால் எந்தப் பாராளுமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் தொலைபேசியை எடுத்தால் எந்தப் பிரதமரும் பேசுவார். இந்த வேலைக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி

இடையில் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. இப்போது வருபவர் பட்டியலையும் பேசும் பொருள்களையும் அவர்களே வெளியிடுகிறார்கள். 2019 பட்டியலில் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லாவின் பெயரும் இருந்தது. 2013இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் கூட்டம் நடந்தபோது பிரதமர் டேவிட் கேமரூனே போனார். உடனே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பதில் சொல்ல எழுந்த அமைச்சர் கென்னத் கிளார்க், வழிநடத்தும் குழுவிலேயே இருந்தவர்! தனிப்பட்ட சந்திப்புதான், ரகசிய முடிவு எதுவும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தப் பதிலை நம்பலாம். ஆனாலும் குறை தீரவில்லை. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அமைச்சர், அரசு விதிகளால் லாபமோ நஷ்டமோ அடையக்கூடிய தொழிலதிபரோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசுகிறார். என்ன பேசினார் என்று மக்களுக்குக் குறிப்பு இல்லை. சதி எதுவும் நடக்காமலே இருக்கலாம், பழக்கமே போதும். தெரிந்தவர் சொல் காதில் ஏறும், தெரியாதவர் மனு மேசையில் கிடக்கும். இது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன?

ஆகவே பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: உலகத்தை ஆளும் ரகசிய அரசாங்கம் என்பது கட்டுக்கதை. பெரிய மனிதர்கள் தனியாகக் கூடிப் பேசுவது நிஜம். இதில் மட்டுமல்ல, எந்த அமைப்பானாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள். யாரை அழைப்பது என்று முடிவு செய்பவர் யார்? அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்? முதல் கேள்விக்குப் பில்டர்பெர்க்கில் இன்று ஓரளவு பதில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு, அந்த முதல் கூட்டம் நடந்து எழுபது ஆண்டு கடந்த பிறகும் பதில் வரவில்லை.