முடித்தவர்கள் எத்தனை பேர்?

2023 ஜனவரி 2. புத்தாண்டு வாழ்த்துகள் ஓய்வதற்குள் ஜெர்மன் இயக்குநர் பரன் போ ஓடார் இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி போட்டார். '1899' தொடருக்கு இரண்டாவது சீசன் கிடையாது. மூன்று சீசன்களில் சொல்லி முடிக்க நினைத்திருந்த கதை, எட்டு எபிசோடுகளோடு நின்றுவிட்டது. நெட்ஃப்ளிக்ஸில் அது வெளியாகி ஏழு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

யாரும் பார்க்காத தொடரா? இல்லை. 2022 நவம்பர் 17 அன்று வெளிவந்து, முதல் நான்கு நாட்களில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7.9 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டது. அடுத்த வாரம் அந்த எண் இன்னும் கூடியது. ஓடாரும் அவருடைய வாழ்க்கைத் துணையான எழுத்தாளர் யான்ட்யே ஃப்ரீசேவும் 'டார்க்' தொடரால் உலகப் புகழ் பெற்றவர்கள். அதை மூன்று சீசன்களில், ஒரு முடிச்சும் மிச்சமில்லாமல் அவிழ்த்துக் காட்டியவர்கள். அவர்களை நம்பித்தான் பலர் இந்தக் கப்பலில் ஏறினார்கள்.

அது ஓர் அபாரமான கப்பல். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பயணிகள் ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ், டேனிஷ், கான்டனீஸ் என்று ஆளுக்கொரு மொழி பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று பாதிப் பேருக்குப் புரியாது. நான்கு மாதங்களுக்கு முன் காணாமல்போன இன்னொரு கப்பல் நடுக்கடலில் எதிர்ப்படுகிறது. அங்கிருந்து கதை எங்கெங்கோ போகிறது. நான் பார்த்த அறிவியல் புனைவுத் தொடர்களில் இவ்வளவு துணிச்சலாகத் தொடங்கியவை மிகச் சில.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்பது ஊருக்குச் சொல்லும் கணக்கு. தளம் தனக்காகப் போடும் கணக்கு வேறு. 2019இல் பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் நெட்ஃப்ளிக்ஸே அதை விளக்கியிருக்கிறது. பார்வையாளர்களை அது தொடங்கியவர்கள், பார்த்தவர்கள், முடித்தவர்கள் என்று பிரிக்கிறது. ஒரு சீசனில் 90 சதவிகிதம் பார்த்தவர்தான் முடித்தவர். இந்த எண்களை முதல் 7 நாளிலும் முதல் 28 நாளிலும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு படைப்பின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் அந்த ஒரு மாதமே தீர்மானிக்கிறது.

'1899'ஐத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே முடித்தார்கள் என்று டிஜிட்டல் ஐ என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனம் கணித்தது. போதாக்குறைக்கு, வெளியான ஆறாம் நாளே நெட்ஃப்ளிக்ஸின் இன்னொரு தொடரான 'வெட்னஸ்டே' வந்து முதல் வாரத்தில் 34 கோடி மணி நேரத்தை அள்ளிக்கொண்டு போனது.

இந்த அளவுகோல் அறிவியல் புனைவின் இயல்புக்கே எதிரானது என்பது என் கட்சி. காதல் கதையையோ கொலை விசாரணையையோ பார்க்கிறவருக்கு அந்த உலகம் முன்பே தெரிந்தது. அறிவியல் புனைவில் உலகத்தையே முதலில் கட்டியாக வேண்டும். அதன் விதிகளைப் பார்வையாளர் கற்க வேண்டும். இரண்டு எபிசோட் பார்த்துவிட்டு ஒரு வாரம் யோசிப்பவர், நண்பரிடம் விவாதிப்பவர், முதலிலிருந்து மறுபடி பார்ப்பவர் ஆகியோரே இந்த வகையின் உயிரான ரசிகர்கள். 28 நாள் கணக்கில் அவர்கள் பாதியில் விட்டவர்களாகப் பதிவாகிறார்கள்.

அடுத்தது செலவு. '1899'க்காக பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் ராட்சத எல்இடி திரைகளால் சூழப்பட்ட ஒரு படப்பிடிப்புத் தளமே எழுப்பப்பட்டது. முதல் சீசனுக்கு ஆன செலவு சுமார் 6 கோடி யூரோ என்று அப்போது எழுதினார்கள். சீசன் ஏற ஏற நடிகர்களின் சம்பளமும் தயாரிப்பாளருக்குத் தரவேண்டிய தொகையும் ஏறும். புதிய சந்தாதாரர்களோ முதல் சீசனுக்கு வந்த அளவுக்கு வரமாட்டார்கள். மறுபக்கம் நெட்ஃப்ளிக்ஸின் 'ஸ்குவிட் கேம்' தொடர் இருந்தது. அதன் முதல் சீசனுக்கு 2.14 கோடி டாலர் செலவு. நிறுவனத்துக்கு அதன் மதிப்பு கிட்டத்தட்ட 90 கோடி டாலர். 2021இல் ப்ளூம்பெர்க் வெளியிட்ட உள் ஆவணங்கள் சொன்ன கணக்கு இது. இப்படியொரு எண்ணைக் கண்ட பிறகு, செலவைத் திருப்பித் தருவதோடு நிற்கும் தொடர் எதுவும் நிர்வாகிகளின் கண்ணுக்குச் சிறுத்துத்தான் தெரியும்.

காலமும் மாறியிருந்தது. 2022இன் முதல் காலாண்டில் நெட்ஃப்ளிக்ஸ் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் காணாத சரிவு அது. ஒரே நாளில் பங்கு விலை 35 சதவிகிதம் விழுந்தது. அதுவரை சந்தா எண்ணிக்கையைக் கேட்ட முதலீட்டாளர்கள் அதன்பின் லாபத்தைக் கேட்டார்கள்.

இதில் பார்வையாளருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தளங்களுக்கு அது நல்லதல்ல. ஐந்து சீசன்களாகத் திட்டமிடப்பட்ட 'தி ஓஏ' இரண்டோடு நின்றது. 'ஆல்டர்டு கார்பன்' இரண்டோடு. 'ஆர்க்கைவ் 81' ஒன்றோடு. இப்படிச் சுட்டுக்கொண்டவர்கள், "முடியட்டும், பார்க்கலாம்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்கள் ஒதுங்குவதால் 28 நாள் எண்கள் குறைகின்றன. எண்கள் குறைவதால் அடுத்த தொடரும் ரத்தாகிறது.

ரத்தானது எல்லாம் செத்துப்போகத்தான் வேண்டுமா? 2018 மே மாதம் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை சைஃபை தொலைக்காட்சி கைவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை மட்டுமே அதன் கையில் இருந்தது. ஓடிடியில் எத்தனை பேர் பார்த்தாலும் அதற்குக் காசில்லை. ஆனால் தொடர் ஆல்கான் என்ற தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். ரசிகர்கள் அமேசான் ஸ்டூடியோஸ் அலுவலகத்தின் மேல் பதாகை கட்டிய விமானத்தையே பறக்கவிட்டார்கள். அந்த மாத இறுதிக்குள் ஜெஃப் பெசோஸ், தொடர் இனி அமேசானில் என்று மேடையில் அறிவித்தார். மேலும் மூன்று சீசன்கள் வந்தன. '1899' போன்ற நெட்ஃப்ளிக்ஸ் தயாரிப்புகளுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டே இருக்கிறது. உலக உரிமை முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ளும் தளம், தான் கைவிட்டதைப் போட்டியாளருக்குக் கொடுப்பது அபூர்வம்.

நெட்ஃப்ளிக்ஸுக்கே இன்னொரு வழி தெரியும். 2017இல் 'சென்ஸ்8'ஐ ரத்து செய்தபோது எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, இரண்டரை மணி நேர இறுதி அத்தியாயம் ஒன்றை எடுத்து 2018 ஜூனில் வெளியிட்டார்கள். அவசரமான முடிவுதான், ஆனாலும் முடிவு. ஒப்பந்தம் போடும்போதே இப்படியொரு நிறைவு அத்தியாயத்துக்குப் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சந்தா கட்டுகிற நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். முழு சீசனுக்கு ஆகும் செலவில் அது சிறு பகுதிதான்.

'1899'இன் எட்டு எபிசோடுகளாவது மிஞ்சின. ஹெச்பிஓவின் 'வெஸ்ட்வேர்ல்டு' 2022 நவம்பரில் ரத்தானது. அடுத்த மாதமே, எடுத்து முடித்த நான்கு சீசன்களையும் ஹெச்பிஓ மேக்ஸ் தளத்திலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். இருக்கிற தொடரை அழிப்பதில் ஒரு நிறுவனத்துக்கு என்ன லாபம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)