மூச்சுக்கு இசைந்த உறையுள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளே சிலருக்கு நோயின் ஊற்றாகிவிடுகின்றது. புதிய வர்ணத்தின் ஆவி, ஒட்டுப்பலகையின் பசையினின்று கசியும் போமல்டிகைட்டு, அயலவர் பூசும் வாசனைத் திரவியம் ஆகியன சிற்றளவிலேயே அவர்க்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் விளைவிக்கும். இந்நிலையின் காரணம் யாதென்பதில் வைத்திய அறிஞர் இன்னும் ஒருமித்திலர். ஆயினும், காரணம் துணியப்படும்வரை துன்புறுவோர் தக்க வீடின்றி இருத்தல் முறையாகுமா?

ஐக்கிய அமெரிக்காவின் வீடமைப்புத் திணைக்களம், இந்நிலை சட்டத்தின்கண் வலுக்குறைவாகக் கொள்ளப்படலாமென 1992ஆம் ஆண்டிற் கருத்துரைத்தது. அதனால், பூச்சிகொல்லி தெளிக்குமுன் அறிவித்தல் போன்ற நியாயமான வசதிகளை வீட்டுச் சொந்தக்காரரிடம் கோருவதற்கு வழி பிறந்தது.

1994இல் கலிபோணியாவைச் சேர்ந்த சான் றபேல் நகரில் இத்தகையோர்க்கென 11 வீடுகள் கொண்ட மனையொன்று திறக்கப்பட்டது. ஆனால், குடிபுகுந்தோருட் சிலர் அம்மனையே தம்மை நோயுறச் செய்ததென முறையிட்டனர். ஒருவர்க்கு ஒத்த பொருள் மற்றொருவர்க்கு ஒவ்வாதாதலின், நன்னோக்கம் மாத்திரம் போதாது. குடிபுகுவோரை உசாவியே இவ்வீடுகளை அமைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

2013இல் சுவிற்சலாந்தின் சூரிச் நகரில் எழுந்த மனைக்குக் கட்டடப் பொருள்கள் ஆராய்ந்து தெரியப்பட்டன. அத்துடன், அங்கு வாழ்வோர் புகைத்தலும் வாசனைத் திரவியம் பூசுதலும் விலக்கப்பட்டன. சுவரை அரசு எழுப்பித் தரலாம். அதனுள் உலவும் காற்றை அயலவரும் சேர்ந்தே காத்தல் வேண்டும்.