இன்னொரு வருத்தமா?

பேசாலையில் கருவாடு காய வைத்துப் பிழைப்பவள் நான். 1990 இல் இடம்பெயர்ந்து மடுவில் இருந்த நாட்களில்கூட இப்படிக் களைத்ததில்லை. ஏழு வருடமாகத் தைரொயிட் குளிசை எடுக்கிறேன். உடல் சோர்ந்தால், "அந்த வருத்தம்தானே" என்று இருந்துவிடுவேன்.

போன மாதம் கிளினிக்கில் வெறுவயிற்றில் இரத்தம் சோதித்தார்கள். சீனி 128. "சலரோகமாக இருக்கலாம் அம்மா, இன்னொரு நாள் திரும்பப் பார்ப்போம்" என்றார் டொக்டர்.

கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. நானும் விழுந்தால் பிள்ளைகளுக்கு யார்? பயத்தில் இரண்டு நாள் சோறு தொடவில்லை. தைரொயிட் குளிசையையும் விட்டுவிட்டேன். மயக்கம் வந்த பிறகுதான் மகளிடம் சொன்னேன். அவளே என்னைத் திரும்பக் கூட்டிப்போனாள்.

தாதி அம்மா பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் அது சலரோகம். பட்டினி மருந்தல்ல. தைரொயிட் குளிசையை நிறுத்தவே கூடாது. காலையில் வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்தே தேநீர் குடிக்க வேண்டும். நான் இத்தனை வருடமும் சீனித் தேநீருடன் அல்லவா விழுங்கினேன்!

இப்போது சோற்றைக் குறைத்து முருங்கையிலை, மீன் சேர்க்கிறேன். மாலையில் மகளுடன் கடற்கரையில் நடக்கிறேன். அடுத்த கிழமை மறுசோதனை. முடிவு எதுவானாலும் அவளும் கூட வருவாள்.

சகோதரிகளே, களைப்பைப் பழைய வருத்தத்தின் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.