வருமுன் காத்தலும் வருமுன் தாக்குதலும்

வருமுன் காப்பது அறிவுடைமை என்று நம் முன்னோர் கற்பித்துள்ளனர். வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துகிறோம். நோய் வருமுன் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். அவ்வாறாயின், பகைவன் வலுப்பெறுமுன் அவனைத் தாக்கி அழிப்பதும் அறிவுடைமைதானே என்று கேட்போர் உளர். இதற்கு விடை காணுமுன், ஒன்றுபோல் தோன்றும் இரு செயல்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

பகைவன் படை திரட்டி எல்லையில் நிற்கிறான், இன்றோ நாளையோ பாய்வான் என்பது ஐயமின்றித் தெரிந்தபின் தாக்குவது, முந்திக்கொண்ட தற்காப்பு. என்றோ ஒரு நாள் பாயக்கூடும் என்றஞ்சி இன்றே போர் தொடுப்பது, தடுப்புப் போர். முன்னதற்குச் சான்று துணை. பின்னதற்கு ஊகமே துணை. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51ஆம் விதி, ஆயுதத் தாக்குதல் நேர்ந்தவிடத்துத் தற்காப்பு உரிமையை ஏற்கிறது. அவ்வுரிமையை ஊகத்தின் மீது நிறுத்துவதற்கு அதன் வாசகம் இடந்தரவில்லை.

தில்லி மந்திர் மார்க்கை, தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளியால் நம்மவர் நன்கறிவர். அச்சாலையிலுள்ள வால்மீகி கோயிலில் காந்தியடிகள் 1946, 1947ஆம் ஆண்டுகளில் பல மாதங்கள் தங்கியிருந்தார். அணுகுண்டு அமெரிக்காவிடம் மட்டுமே இருந்த காலம் அது. ருஷ்யா அதனைப் பெறுமுன் போரிட்டு முடித்துவிட வேண்டுமென்று மேல்நாட்டில் சிலர் அந்நாட்களில் வாதிக்கத் தலைப்பட்டனர். குண்டைக் குண்டால் ஒழிக்க இயலாது என்று காந்தியடிகள் 1946இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். 1949இல் ருஷ்யாவும் அணுகுண்டை வெடித்தது. ஆயினும், தவிர்க்கவே முடியாது என்று அஞ்சிய போர் மூளவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் தானே கலைந்தது. அன்று அவ்வாதத்துக்குச் செவிசாய்த்திருந்தால், வராத போருக்காகக் கோடி உயிர்கள் மாண்டிருக்கும்.

ஊகத்தின் விலையை ஈராக்கில் உலகம் கண்கூடாகக் கண்டது. பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று கூறி, 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் அந்நாட்டின்மீது படையெடுத்தன. தேடியபோது அவ்வாயுதக் கிடங்குகள் அகப்படவில்லை. மாண்டவர்களோ திரும்பவில்லை.

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் இருவர் தமிழகத்தார். 26ஆம் தேதி நம் விமானங்கள் பாலாகோட்டைத் தாக்கின. மேலும் தற்கொலைத் தாக்குதல்கள் நடைபெறவிருந்தன என்றும், இது முந்திக்கொண்ட நடவடிக்கையே என்றும் நம் அரசு அறிவித்தது. தடுப்புப் போர் என்று கூறவில்லை. மறுநாளே பாகிஸ்தான் விமானங்கள் எதிர்த்து வந்தன. எல்லை வகுத்துச் செய்யும் செயலும் எல்லை மீறிப் பரவக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

வருங்காலத்தில் இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு இன்னும் மெலியும். ஏவுகணை சில நிமிடங்களில் வந்து விழும் காலத்தில், காத்திருக்க நேரமில்லை என்பது எளிய வாதம். 2025 ஜூன் 13இல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோதும் இவ்வாதமே ஒலித்தது. ஆகவே, போருக்கு அழைப்போரிடம் குடிமக்கள் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: அபாயம் கண்முன் உள்ளதா? ஏனைய வழிகள் யாவும் தீர்ந்தனவா? சான்றைப் பிறர் சோதிக்க இயலுமா?

கரையைப் பலப்படுத்தியபின் வெள்ளம் வராவிடினும் நட்டமில்லை. வராத பகைக்காகத் தொடுத்த போர் அத்தகையதன்று. வருமுன் காத்தல் என்னும் பெயரை அதற்கு அளித்தல் தகாது.