அடுப்பை அணைக்காமல் வீடு மாறினார்கள்!

வீடு மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். உப்பு ஜாடி எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாது. பால் காய்ச்சலாம் என்று பார்த்தால், பாத்திரம் பழைய வீட்டிலேயே இருக்கும். அன்று பகல் சாப்பாடு ஹோட்டலில்தான்!

நம் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் பரவாயில்லை. ஆனால், அடுப்பும் எரிய வேண்டும், பந்தியும் நடக்க வேண்டும், அதே நேரத்தில் வீடும் மாற வேண்டும் என்றால்?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2011-ம் ஆண்டில் அப்படித்தான் வீடு மாறியது. அதுதான் பேஸ்புக். (2021-ல் அந்தக் கம்பெனி தன் பெயரை 'மெட்டா' என்று மாற்றிக்கொண்டது.)

அவர்கள் மாற்றியது மேஜை நாற்காலி அல்ல. கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த தகவல்! எவ்வளவு தெரியுமா? 30 பெட்டாபைட்.

8,500 ஆண்டு சினிமா!

அது என்ன கணக்கு? செல்போன் வாங்கும்போது கடைக்காரர் "64 ஜி.பி., 128 ஜி.பி." என்கிறார் அல்லவா? அந்த ஜி.பி. கணக்கில் 3 கோடி!

ஒரு சினிமாவுக்கு ஒரு ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கோடி சினிமா ஆயிற்று. ஒருவர் தூங்காமல், இரவு பகலாகப் பார்த்தாலும், பார்த்து முடிக்க 8,500 ஆண்டுகள் ஆகும். (படம் இரண்டரை மணி நேரம் ஓடும் என்ற கணக்கு இது. பாட்டுகளை வெட்டிவிட்டால் கொஞ்சம் குறையும்!)

ஜனங்கள் போடும் போட்டோக்களைக் காட்டும் இடம் வேறு. இது கணக்குப் பார்க்கும் இடம். எந்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது போன்ற விவரங்களை இங்கேதான் பார்ப்பார்கள். இரவிலும் பகலிலும் வேலை நடக்கும்.

மஞ்சள் யானை

இவ்வளவு தகவலை ஒரே கம்ப்யூட்டரில் வைக்க முடியுமா? முடியாது. 2010-லேயே அங்கு 2,000 கம்ப்யூட்டர்கள் இருந்தன. அத்தனையையும் ஒரே பெட்டி போல நடத்தும் முறைக்கு 'ஹடூப்' என்று பெயர். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டக் கட்டிங். அவருடைய மகன் ஒரு மஞ்சள் யானைப் பொம்மை வைத்து விளையாடுவான். அந்தப் பொம்மைக்கு அவன் வைத்த பெயர்தான் ஹடூப்!

இந்த முறையில் பெரிய பைலைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் பொதுவாக மூன்று கம்ப்யூட்டர்களில் வைப்பார்கள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பது ஒரு தலைமைக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதுதான் கணக்குப்பிள்ளை.

மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் 3 விநாடிக்கு ஒரு முறை, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் பத்து நிமிடம் ஒன்றிடமிருந்து சத்தம் வராவிட்டால், அது செத்துவிட்டதாகக் கணக்கு. உடனே மற்ற இடங்களில் உள்ள துண்டுகளிலிருந்து புதிய பிரதி எடுத்துவிடுவார்கள்.

லாரியில் ஏற்றலாமா?

பழைய கட்டிடத்தில் இடம் போதவில்லை. மின்சாரமும் போதவில்லை. பெரிய இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். சுலபமான வழிதான். ஆனால் எல்லாவற்றையும் மறுபடி மாட்டி முடிக்கும் வரை ஒரு வேலையும் நடக்காது. ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். புது இடத்தில் புதுக் கம்ப்யூட்டர்களை வைத்து, எல்லாவற்றையும் பிரதி எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இன்டர்நெட் ஒன்றைக்கொண்டு 30 பெட்டாபைட்டை அனுப்பினால், 75 ஆண்டுக்கு மேல் ஆகும். பேரன்தான் வந்து முடிக்க வேண்டும்! அதனால் பல கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். "இந்தப் பைல்கள் உனக்கு, அந்தப் பைல்கள் எனக்கு" என்று எறும்புக் கூட்டம் போல ஒரே நேரத்தில் எல்லாம் பிரதி எடுத்தன.

வாசல் நோட்டு

இனிமேல்தான் தலைவலி. பழைய வீட்டில் வேலை நிற்கவில்லை அல்லவா? காலையில் பிரதி எடுத்த பைல் மாலையில் மாறிவிடும். புது வீட்டில் இருப்பது பழைய கணக்கு! மறுபடி முதலிலிருந்து எடுத்தால் அதற்குள் வேறு பைல்கள் மாறிவிடும். இதற்கு முடிவே கிடையாது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய வீட்டு வாசலில் ஒரு நோட்டு வைத்தது போன்ற ஏற்பாடு அது. எந்த வேலை எந்தப் பைலை மாற்றினாலும், அது உடனே தானாகவே நோட்டில் பதிந்துவிடும். நோட்டைப் பார்த்து, மாறிய பைல்களை மட்டும் மறுபடி பிரதி எடுப்பார்கள். இதனால் புது வீடு, பழைய வீட்டுக்குச் சில மணி நேரத்துக்கு மேல் பின்தங்கவில்லை.

என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. சுமப்பதற்கு எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் கிடைக்கும்.

கடைசி நாள்

கடைசி நாளும் வந்தது. என்ஜினீயர்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடினார்கள். "இனிப் புது வேலை எதுவும் தொடங்காதே" என்று பழைய வீட்டுக்கு உத்தரவு போட்டார்கள். நோட்டில் பாக்கி இருந்த பைல்களும் போய்ச் சேர்ந்தன. இரண்டு வீட்டிலும் ஒரே சரக்கு!

அதன் பிறகு செய்தது சின்ன வேலைதான். கம்ப்யூட்டர் பெயர்களுக்கு எதிரே இருந்த விலாசத்தை மாற்றினார்கள். வீடு மாறினாலும் போன் நம்பர் மாறாமல் இருப்பது போலத்தான் இதுவும். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குப் புது வீட்டிலிருந்து பதில் வந்தது.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரே கட்டிடத்தில் மூன்று பிரதி வைத்தாலும், அந்தக் கட்டிடமே தீப்பிடித்தால் மூன்றும் போய்விடும். வாசல் நோட்டு முறையை நிறுத்தாமல் நடத்தினால், வேறு ஊரில் ஒரு முழுப் பிரதி எப்போதும் தயாராக இருக்கும். ஆபத்துக் காலத்துக்கும் இந்த முறை உதவும் என்று அந்த என்ஜினீயர்களே பிறகு எழுதினார்கள்.